தொடாத இடம்

சாப்பாட்டு மேசையின் மேல் பழைய வேட்டி ஒன்றை மடித்து விரித்து, அதில் கிராபிக்ஸ் கார்டைக் குப்புறப் போட்டு, கடைசித் திருகாணியையும் கழற்றினார் உத்திராபதி. ஆனாலும் சூட்டை இழுத்து வெளியேற்றுகிற ஹீட் சிங்க் தகடு வரவில்லை. உள்ளே காய்ந்து இறுகிப்போன பசை அதைப் பிடித்து வைத்திருந்தது. இரண்டு கையாலும் இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக் கொடுத்த பிறகு, பலாச்சுளையைப் பிய்க்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு விட்டது. விசிறி இறக்கைகளில் கரி படிந்திருந்தது. வீடு இருப்பது தருமபுரத்தில். நிலக்கரி இறங்குகிற துறைமுகம் கீழவாஞ்சூரில், ஊருக்கு அந்தக் கடைசியில். ஆனால் அங்கே லாரி எடைமேடையில் கம்ப்யூட்டர் முன்னால் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பவர் அவர். தலையிலும் சட்டையிலும் தான் சுமந்து வந்த நிலக்கரித் தூள்தான் இங்கேயும் வந்து படிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பழைய பிரஷ்ஷால் அதைத் துடைத்தார்.

நடுவில் இருந்த பெரிய சிப்பின் மேல் பேஸ்ட் என்கிற அந்தப் பசை சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மெமரி சிப்புகள். ஒவ்வொன்றின் தலையிலும் ரப்பர் மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருக்க வேண்டும். பேட் என்கிறார்கள். அவற்றில் பாதி விரல் பட்டதும் உதிர்ந்தன. மீதி எண்ணெய் கக்கி, பலகை முழுக்கப் பிசுபிசுப்பாக்கியிருந்தன. சென்னையில் யாரோ ராப்பகலாகக் கிரிப்டோ கணக்குப் போட ஓட்டிவிட்டு விற்ற கார்டு. மகள் நித்யஸ்ரீ வாங்கி அனுப்பும்போதே சொல்லியிருந்தாள், இது ரொம்ப உழைச்ச கார்டுப்பா, பாத்துப் பயன்படுத்துங்க என்று.

எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த சௌந்தரவல்லி நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன.

"என்னா?" என்றார்.

மறுபடியும் அசைந்தன. அவருக்குப் பிடிபடவில்லை. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த எல்சிடி சிலேட்டை இழுத்து எழுதிக் காட்டினாள். பிள்ளைகள் படம் போட்டு விளையாடுகிற சிலேட்டு. எழுத்து பச்சையாக மின்னும், பட்டனை அழுத்தினால் மறைந்துவிடும்.

'உயிர் இருக்கா?'

"இருக்கு, இருக்கு. பேடுதான் போயிருக்கு. மாத்திட்டா சரியாயிடும்."

அவள் பட்டனை அழுத்திவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

போன வருடம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவளுடைய குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தின் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் துளை வைத்து, இனி மூச்சு இந்த வழியாகத்தான் என்றார்கள். கழுத்தில் வைத்துப் பேசுகிற அதிர்வுக் கருவி ஒன்றைக் கொடுத்துப் பழக்கிப் பார்த்தார்கள். கதிர்வீச்சில் தோல் பலகை போல இறுகிவிட்டதால் அது எடுபடவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆரம்பப் பள்ளியில் தொண்டை வறளப் பாடம் நடத்தியவள். கடைசி வகுப்பறையில் அவள் பேசினால் பள்ளி வாசலில் போகிறவருக்குக் கேட்கும் என்பார்கள்.

அந்தக் குரல் எங்கும் போய்விடவில்லை என்பதைக் கண்டுபிடித்தது நித்யஸ்ரீதான். கொரோனா ஊரடங்கின்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அம்மா தினமும் போனில் பேசி அனுப்பிய பாடங்கள் அவ்வளவும் அப்படியே இருந்தன. நித்யஸ்ரீயும் அவளோடு வேலை பார்க்கும் பெண்ணும் சேர்ந்து அவற்றைக் கொடுத்து ஒரு ஏ.ஐ. மாடலைப் பழக்கினார்கள். தட்டச்சு செய்தால் அம்மாவின் குரலில் பேசும். அம்மாவின் குரலை எந்தக் கம்பெனிக்கும் தூக்கிக் கொடுக்க நித்யஸ்ரீக்கு மனமில்லை. அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற மாதிரி செய்து கொடுத்தாள். அதற்குத்தான் இந்தக் கார்டு. கார்டு இல்லாமலும் ஓடும், ஆனால் ஒரு வரியைச் சொல்வதற்குள் போனில் இருப்பவர் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

முதல் நாள் உத்திராபதிதான் தட்டச்சு செய்தார். 'ஏங்க' என்று அடித்தார். ஒரு நொடி கழித்து, கரும்பலகையில் எழுதிய சொல்லைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது போல, "ஏங்க" என்றது கம்ப்யூட்டர் பெட்டி. அவள் அவரை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் கூப்பிடுவதில் ஒரு அவசரம் இருக்கும், பாதி கோபம் இருக்கும். அதையெல்லாம் யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. இருந்தாலும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது அவள் அறையில் இல்லை.

அவள் அந்தப் பெட்டியைத் தொடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் அப்பாவுக்காக. அவளுடைய அப்பா தெட்சிணாமூர்த்தி சுரக்குடியில் நிலத்தோடு கிடந்தவர். மனைவியைப் புற்றுநோய்க்குக் கொடுத்த பிறகு கண்ணும் மங்கிப்போய், ஓசூரில் மகன் புகழேந்தியோடு இருக்கிறார். மகளுக்கும் அதே நோய் என்று அவரிடம் சொல்லக் கூடாது என்பது புகழேந்தியின் பிடிவாதம். தாங்க மாட்டாங்க என்றான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில், அக்காவுக்கு டிரெய்னிங், அக்காவுக்குத் தேர்தல் வேலை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தான். குரல் வந்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. அப்பா போனில் பேசுவார். இவள் விறுவிறுவென்று தட்டுவாள். பெட்டி பதில் சொல்லும். பேச்சுத் தமிழில் அடித்தால் தடுமாறியதால், பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே அடிக்கப் பழகிக்கொண்டாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும், பிள்ளைகள் பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பது போல அந்தக் குரலில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. "என்னா ஆயி, என்கிட்டயும் பள்ளிக்கூடத்துப் பாஷையே பேசுற" என்று அப்பா சிரிப்பார். ஆயி, பாப்பா என்பதெல்லாம் மகளை அவர் கூப்பிடுகிற செல்லப் பெயர்கள்.

மற்ற நாட்களில் அதைப் பயன்படுத்தியவர் உத்திராபதி. அவள் குளிக்கப் போயிருக்கும் நேரத்தில், மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, 'சாப்பிட வாருங்கள்' என்றோ 'மழை வரப்போகிறது' என்றோ அடித்துக் கேட்பார். ஒரு தடவை அவள் குடையை மறந்து பாதியில் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். பெட்டி அப்போது, "சட்டையைத் துவைக்கப் போடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு பெட்டி நின்றுவிட்டது. புகழேந்தி அந்தப் பக்கம் லைன் போச்சு என்று சொல்லிச் சமாளித்தான். அதனால்தான் இன்று லீவு போட்டுவிட்டுக் கார்டைப் பிரித்து வைத்திருக்கிறார்.

மத்தியானம் கார்டை ஒரு துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுனுக்கு நசீமின் கடைக்குப் போனார். நசீம் பிரிண்டரும் லேப்டாப்பும் சரி செய்கிறவன். அவன் கார்டை விளக்கின் அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பேஸ்டு இருக்கு. பேடு ஒரு மில்லி கனத்துலதாண்ணே இருக்கு. இதுக்குப் பத்துமான்னு தெரியல."

"ரெண்டும் சூட்டக் கடத்துறதுதான? பேஸ்டையே எல்லாத்துக்கும் போட்டுட்டா என்னா? பேஸ்டுதான் நல்லா கடத்தும்னு நெட்ல போட்டுருக்கான்."

"கடத்தும்ணே. ஆனா பேஸ்டு வந்து, ரெண்டும் தொட்டுக்கிட்டு இருக்குற எடத்துக்கு. நடு சிப்பு இருக்கு பாருங்க, இது ஹீட் சிங்கோட ஒட்டி உக்காருது. கண்ணுக்குத் தெரியாத சந்து இருக்கும்ல, அத அடைக்கத்தான் பேஸ்டு. சுத்தி இருக்குற மெமரியெல்லாம் ஹீட் சிங்கத் தொடவே தொடாது. அங்க பேடுதான் போடணும்." ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய துணுக்கு ஒன்றை நகத்தால் எடுத்துப் பார்த்தான். "அமுங்கிக் கெடக்கு, அளவு சொல்ல முடியல. ரெண்டு மில்லியா இருக்கலாம். தடிமனாப் போயிட்டா நடு சிப்பு தூக்கிக்கும். மெல்லிசாப் போயிட்டா மெமரி தொடாது. நானும் இந்த மாதிரி கார்டெல்லாம் அதிகமாப் பிரிச்சதில்லண்ணே. அளவ விசாரிச்சு சென்னைலேர்ந்து வரவழைக்கிறேன். வியாழக்கெழம வந்துடும்."

"கனமா அப்பிவிட்டா சந்து அடையாதா?"

நசீம் சிரித்தான். "செல பேரு செய்யிறாங்க. நான் செய்ய மாட்டேன்."

பேடுக்குச் சொல்லிவிட்டு, நடு சிப்புக்கு இருக்கட்டும் என்று பேஸ்ட் சிரிஞ்சு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் புகழேந்தி கூப்பிட்டான். உத்திராபதி ஸ்பீக்கரில் போட்டார். சௌந்தரவல்லி அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"மாமா, அப்பா சரியாவே சாப்புடல. டாக்டர் வந்து பாத்துட்டு, வயசுதான், வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னு போயிட்டாரு. நேத்து பாதியில நின்னுச்சுல்ல, அதுலேர்ந்து பாப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, எங்கிட்ட மறைக்கிறீங்கன்னு புடிச்சுக்கிட்டாரு. நாளைக்குக் காலைல ஒரே ஒரு தடவ அக்காவப் பேச வச்சிடுங்க. கேட்டாருன்னா சாப்புடுவாரு."

"பெட்டி பிரிச்சுக் கெடக்கு மாப்ள. வியாழக்கெழமதான் சாமான் வருது."

"பாருங்க மாமா, எதாவது செஞ்சு" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

சௌந்தரவல்லி சிலேட்டை எடுத்தாள்.

'போவோம்.'

"எங்க?"

'ஓசூர்.'

"போயி? கண்ணு தெரியாத மனுஷன், கையத் தடவிப் பாத்துட்டு, பேசு பாப்பான்னுவாரு. அப்ப என்ன செய்வ?"

'கையைப் பிடிச்சுக்குவேன்.'

"கழுத்துல கைய வச்சாருன்னா? இத்தன மாசம் மறச்சதெல்லாம் என்னாத்துக்கு? இந்த நேரத்துல போயித் தெரிஞ்சு, அந்த உசுரு போச்சுன்னா யாரு பொறுப்பு?"

அவள் வேகமாக எழுதினாள். எழுத்து சாய்ந்து விழுந்தது. 'அந்தக் குரல் உங்களுக்குத்தான் வேணும். அப்பாவுக்கு நான் வேணும்.'

அவர் வாயைத் திறப்பதற்குள் பட்டனை அழுத்திவிட்டாள். சிலேட்டு கருப்பாயிற்று. அடுப்படியில் குழம்பு கொதித்து வழிகிற சத்தம் கேட்டது. அவள் உள்ளே போனாள்.

உத்திராபதி மேசை முன்னால் உட்கார்ந்தார். உண்மையில் அவருக்கு யோசிப்பதற்கு நிறைய இருந்தது. பஸ் ஏறினால் விடிவதற்குள் ஓசூர். கிழவரிடம் உண்மையைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். இவள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று அவர் நினைக்கவும் கூடும். ஆனால் அவர் யோசித்ததெல்லாம் அந்தச் சின்னச் சின்னச் சிப்புகளைப் பற்றித்தான். நாலைந்து விசிட்டிங் கார்டு கனம் இருக்குமா அந்தச் சந்து? அவ்வளவுதானே. எடைமேடையில் டன் கணக்கில் பார்க்கிறவர், ஒரு சுண்டு விரல் நகத்தின் கனத்துக்காக ஒரு கிழவரைப் பட்டினி போடுவதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒவ்வொரு சிப்பாகத் துடைத்தார். நடு சிப்பில் அளவாக ஒரு பொட்டு வைத்தார். பிறகு மெமரி சிப்புகளின் மேல், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவது போல ஆரம்பித்து, போதாது என்று தோன்றத் தோன்ற மேலும் மேலும் பிதுக்கி, குட்டிக் குட்டிக் குவியலாக வைத்தார். சிரிஞ்சு காலியாகிவிட்டது. ஹீட் சிங்கை வைத்து மூடித் திருகினார். பக்கவாட்டில் பார்த்தபோது எல்லாம் தொட்டுக்கொண்டிருப்பது போலத்தான் தெரிந்தது.

காலையில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியை உள்ளே வீசுகிற மாதிரி வைத்தார். ஒரு வரி அடித்துப் பார்த்தார். பேசியது. இன்னும் இரண்டு வரி. பேசியது. "பாத்தியா?" என்றார். சௌந்தரவல்லி தலை சீவி, பொட்டு வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். போனில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்க வந்தவர், கேட்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து விசைப்பலகையை அருகே இழுத்தாள்.

போனை அப்பாவின் காதில் வைத்திருப்பதாகப் புகழேந்தி சொன்னான்.

"அப்பா, நான் பாப்பா பேசுகிறேன்."

"பாப்பாவா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "ஞாயித்துக்கெழம ஏன் ஆயி வச்சிட்ட?"

"கரண்ட் போய்விட்டது அப்பா. நீங்கள் ஏன் சாப்பிடவில்லை?"

அந்த இழுப்போடுதான் கேட்டது பெட்டி. கிழவர், தப்பு செய்துவிட்டு எழுந்து நிற்கிற பையன் மாதிரி, "சாப்புடுறேன் டீச்சர்" என்றார். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். சௌந்தரவல்லியும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து உத்திராபதி பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. சிரித்தபோது கழுத்துத் துளையை மூடியிருந்த துணி படபடத்தது.

"கஞ்சி குடியுங்கள். மோர் ஊற்றிக் குடியுங்கள்."

"குடிக்கிறேன். நீ என்னாவாச்சும் பேசு. நான் கேட்டுக்கிட்டே கெடக்குறேன்."

பெட்டிக்குள் விசிறிகளின் சத்தம் ஏறிக்கொண்டே போனதை உத்திராபதி கவனித்தார். சூட்டைக் காட்டுகிற எண் திரையின் மூலையில் மாறிக்கொண்டே இருந்தது. சூட்டில் பேஸ்ட் இளகுகிறது என்று அவருக்குத் தோன்றியது. போதும், வச்சிடு என்று சைகை காட்டினார். அவள் பார்க்கவில்லை, அடித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கேட்காமல் அவளாகவே முடிவு செய்து அடித்த வரி அது. அவர் திரையில் அதைப் படித்தார்.

"அப்பா, நான் உங்களைப் பார்க்க" என்றது பெட்டி.

அத்தோடு திரை இருண்டது. விசிறிகள் மட்டும் பேயாய் இரைந்தன.

"பாக்க?" என்றார் கிழவர். காத்திருந்தார். "பாக்க... வர முடியாதா ஆயி?"

சௌந்தரவல்லி விசைகளை ஓங்கி ஓங்கி அழுத்தினாள். உத்திராபதி மேசைக்கடியில் குனிந்து, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி அழுத்தினார். மேலே அவள் போனை எடுக்கிற சத்தம் கேட்டது. அவர் தலையை நிமிர்த்தியபோது அவள் போனைக் கழுத்துத் துளையோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மூச்சு சீழ்க்கை போல உள்ளே போயிற்று, வந்தது, போயிற்று, வந்தது.

"அழுவுறியா?" என்று கேட்டது போன். "ஏன் அழுவுற? வர முடியலன்னா என்னா இப்ப? பள்ளிக்கூடம் தொறக்குற நேரம், எனக்குத் தெரியாதா? நான் நல்லாத்தான் இருக்கேன். அழுவாத ஆயி. நீ அழுதா எனக்கு ஒண்ணும் எறங்காது."

அவள் தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினாள். கிழவரைத் தூங்கவைப்பது போலப் புகழேந்தி ஏதோ சொல்வது கேட்டது. லைன் போய்விட்டது.

உத்திராபதி தரையிலேயே உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தீய்ந்த வாடை வந்தது. தன்னிடம் ஒரு குரல் இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வர்றோம் மாமா, இன்னிக்கே கெளம்புறோம் என்று கிழவரிடம் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்குமா? அந்த அரை நிமிஷமும் அவர் மேசைக்கடியில் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். உடனே புகழேந்தியைக் கூப்பிட்டார். அப்பா கண் அசந்துவிட்டார், எழுந்ததும் சொல்கிறேன் என்றான் அவன்.

மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். கும்பகோணத்தில் பஸ் மாறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் ஒரு தடவைகூட இவர் பக்கம் திரும்பவில்லை. திருச்சி தாண்டி, வெயில் தாழ்ந்த நேரத்தில் போன் அடித்தது. "மாமா, அப்பா போயிட்டாரு" என்றான் புகழேந்தி. அப்போதுதான் அவள் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பின்னால் யாரோ பஸ்ஸில் ஓடிய பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். கண்டக்டர் நிறுத்திவிட்டார். அவள் தோளில் கை வைக்கலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் நாமக்கல் வந்துவிட்டது.

ஓசூர் வீட்டில் பெண்கள் அவளைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டு குரலெடுத்து அழுதார்கள். அந்த வட்டத்துக்கு நடுவில் அவள் வாய் மட்டும் திறந்திருந்தது. அவள் வட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். தூக்குகிற நேரம் வரை விடவில்லை. உத்திராபதி வெளியே பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்த அழுகைச் சத்தத்துக்குள் இல்லாத ஒரு குரலையே கேட்டுக்கொண்டிருந்தார்.

புகழேந்தியின் மனைவி தாமரைச்செல்வி அவருக்குக் காபி கொண்டு வந்து கொடுத்தாள்.

"எழுந்ததும் சொன்னீங்களா, நாங்க வர்றோம்னு?"

"எழுந்திருக்கவே இல்லண்ணே. அப்படியே தூக்கத்துலயே." டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அசர்றதுக்கு முன்னாடி ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்க. பாப்பாகிட்ட சொல்லிடுன்னாங்க."

"அவகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து ஆண்கள் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நசீம் கூப்பிட்டான். "வந்துடுச்சுண்ணே, ரெண்டு மில்லிதான், சரியான அளவு. எடுத்து வக்கவா?" என்றான். இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். நிமிர்ந்தபோது, கூடத்தில் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த சௌந்தரவல்லி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன.

"என்னா?" என்றார்.

அவள் மறுபடி சொன்னாள், மெதுவாக, பிள்ளைகளுக்குச் சொல்வது போல ஒவ்வொரு எழுத்தாக. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முதல் எழுத்து 'பா'வா, 'மா'வா? பஸ் பற்றிக் கேட்கிறாளா? பணம் என்கிறாளா? சிலேட்டை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். போனில் அடித்துக் காட்டச் சொல்லிச் சைகை செய்தார். அவள் செய்யவில்லை. மூன்றாவது தடவையும் சொன்னாள்.

அவளுக்குப் பக்கத்தில் தட்டு கழுவ எழுந்த தாமரைச்செல்வி, அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாத்திரை போட்டீங்களான்னு கேக்குறாங்கண்ணே" என்றாள்.

பிரஷர் மாத்திரை. இரண்டு நாளாகப் போடவில்லை. "போடுறேன்" என்றார். அவருடைய சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்டது. அவள் ஏற்கெனவே வேறு பக்கம் திரும்பியிருந்தாள்.

அன்று ராத்திரி பஸ்ஸில் அவர் தூங்கிப்போனார். விழித்தபோது பஸ் கும்பகோணம் தாண்டியிருந்தது. பஸ்ஸில் விளக்கெரிந்தது. வெளியே இன்னும் இருட்டு. ஜன்னல் கண்ணாடியில் சௌந்தரவல்லியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். உதடுகள் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தன. நீள நீளமான வரிகள். நடுவில் ஒரு கேள்வி, ஒரு கோபம், கொஞ்சம் சிரிப்புகூட. யாரிடம் பேசுகிறாள் என்று தெரியவில்லை. அப்பாவிடமாக இருக்கலாம். தன்னிடமாகக்கூட இருக்கலாம் என்று அவர் நினைத்தார்.

அவர் அசையவில்லை. அசைந்தால் நிறுத்திவிடுவாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த அந்த வாயையே உற்றுப் பார்த்தார். ஒரு சொல், ஒரே ஒரு சொல் பிடித்துவிட்டால் போதும். 'ஏங்க' என்று ஒரு தடவை வந்தது போலிருந்தது. நிச்சயமில்லை. அதற்குள் அடுத்தது போய்விட்டது, அதற்கடுத்தது.

மயிலாடுதுறையை நெருங்கும்போது கிழக்கே வெளுக்க ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அப்பால் முதலில் ஒரு வரப்பு, பிறகு ஒரு மின்கம்பம், பிறகு தண்ணீர் நிற்காத வயல்கள் என்று ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. தெரியத் தெரிய, கண்ணாடியிலிருந்த அவள் முகம் நெற்றியிலிருந்து கரைந்துகொண்டே வந்தது. கண்கள் போயின. கன்னம் போயிற்று. காய்ந்த வயல்களின் மேல் அந்த உதடுகள் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் அசைந்துகொண்டே வந்தன.